இரண்டாம் மாடியில் சர்வதேச உறவுகள்

குற்றாலம் போகும் சாலையில் இருக்கும் ஒரு சிறிய கலைக் கல்லூரியில் நான் சர்வதேச உறவுகள் கற்பிக்கிறேன். அரசியல் அறிவியல் பட்டப்படிப்பில் அது ஒரே ஒரு தாள். பையன்களில் பாதிப் பேர் போலீஸுக்கும் ராணுவத்துக்கும் தயாராகிறவர்கள். விடியற்காலையில் மைதானத்தில் ஓடிவிட்டு வந்து, முதல் வகுப்பில் கண் சொருக உட்கார்ந்திருப்பார்கள். வந்த புதிதில், "எல்லை என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது?" என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒருவன், "பார்டர் பரோட்டா மேடம்" என்று கேரள எல்லையோரப் பரோட்டாக் கடையைச் சொன்னான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது.

டில்லியில் பல வருடம் இருந்து, பக்கத்து நாடுகளுக்கு இடையிலான நதிநீர் ஒப்பந்தங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவள் நான். பட்டம் வாங்கிய கையோடு அம்மா போன் செய்தாள்: அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார், வலது கையும் காலும் வரவில்லை, பேச்சு குழறுகிறது. ஒரு பெட்டியோடு தென்காசிக்கு வந்தேன். புத்தகங்களை அறைத்தோழியிடம் விட்டுவந்தேன், எப்படியும் திரும்பப் போகிறோம் என்று.

கல்லூரித் தாளாளர் அப்பாவின் சிநேகிதர். வடகரையில் இருவருக்கும் அடுத்தடுத்த வயல். அப்பாவைப் பார்க்க வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "சும்மா வீட்ல இருந்து என்னம்மா செய்யப் போற? நம்ம காலேஜுக்கு வா. டாக்டர் பட்டம் வாங்கின ஆளு நம்மகிட்ட ஒருத்தருமில்ல" என்றார். அம்மாவின் முகத்தில் அன்றுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. வேலையில் சேர்ந்த அன்று அசல் சான்றிதழ்களைக் கேட்டார்கள். எங்கள் கல்லூரியில் எல்லோரும் அப்படித்தான் கொடுத்திருந்தார்கள். பத்தாம் வகுப்பிலிருந்து முனைவர் பட்டம்வரை எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தேன். தாளாளர் அதைத் தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

பிறகு வருடங்கள் போயின. ஆனி வந்தால் சாரல், அதோடு கூட்டம். எங்கெங்கிருந்தோ வேனிலும் காரிலும் வந்து அருவிக்கடியில் நின்று ஆனந்தப்பட்டுவிட்டு, ஈரத்தலையோடு ஊருக்குத் திரும்புவார்கள். அந்த நெரிசலில் என் பஸ் நகராது. வகுப்பில் ஈரத்துணி வாடை அடிக்கும். இரண்டாம் மாடி ஜன்னலில் மலை தெரியும், அதை மேகம் மூடும், மறுபடி தெரியும். நான் அதே அலகை அதே வாக்கியங்களில் நடத்திக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்தால் அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்து, கஞ்சி கொடுத்து, வாயைத் துடைத்துவிட வேண்டும். யார் மேலும் கோபப்பட முடியாது. எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள். அதுதான் மூச்சு முட்டியது.

அப்படி ஒரு சீசனில்தான் அறைத்தோழி கூப்பிட்டாள். டில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் என் துறையிலேயே இடம் காலி. விண்ணப்பித்தேன், நேர்முகத்துக்கு அழைப்பும் வந்தது. அசல் சான்றிதழ்களோடு வரச் சொல்லியிருந்தார்கள். தாளாளரிடம் கேட்டேன். "அட்மிஷன் முடியட்டும்மா" என்றார். அது முடிந்து கேட்டபோது, "இன்ஸ்பெக்சனுக்கு ஆள் வாராவ. ஒன் பட்டத்தக் காட்டித்தான் டிபார்ட்மெண்டே நிக்குது. அது முடியட்டும்" என்றார். சொல்லிவிட்டு எனக்குக் காபி வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அந்த வாரம் வகுப்பில் தூதரகங்களைப் பற்றிய பாடம். வெளிநாட்டில் இருக்கும் தன் குடிமக்களுக்குத் தூதரகம் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பண்பொழியிலிருந்து வரும் ஒரு பெண், வகுப்பில் வாயே திறக்காதவள், எழுந்து நின்றாள்.

"மேடம், எங்கண்ணன் வளைகுடாவுல டிரைவரா இருக்கான். போன அன்னைக்கே மொதலாளி பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிக்கிட்டான். ஊருக்குப் போவணும்னு கேட்டா தர மாட்டேங்கான். அவன் அப்படி வச்சிக்கிடலாமா மேடம்?"

"கூடாது. பாஸ்போர்ட் இந்திய அரசாங்கத்தின் சொத்து. அதை வாங்கிப் பூட்டி வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது" என்றேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துப் பார்த்தார்கள். அவள் அண்ணனின் நிலைமையும் என் நிலைமையும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். நான் தினமும் வீட்டுக்குப் போகிறவள். ஆனாலும் 'உரிமை கிடையாது' என்று பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

மதியம் கம்ப்யூட்டர் அறையில் அவளோடு உட்கார்ந்து, வெளியுறவுத் துறைக்கும் தூதரகத்துக்கும் புகார் எழுத ஆரம்பித்தேன். அவள் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி என்னிடம் கொடுத்ததும் அண்ணன் பதறிவிட்டான்.

"மேடம், எழுதாதீய. அவனுக்குத் தெரிஞ்சா என்னைய என்ன செய்வானோ."

பெயர் வெளியே போகாமல் முதலில் தூதரகத்தில் பேசலாம், வாராந்திர விடுமுறையில் நேரில் போகலாம் என்று விளக்கினேன். அவன் யோசிக்க வேண்டும் என்றான். அவனுடைய அம்மா தனியாகக் கூப்பிட்டு, "அவன் ஒழுங்கா சாப்பிடுதானான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கம்மா. எங்ககிட்ட பொய் சொல்லுதான்" என்றார். கேட்டேன். என்னிடமும் சாப்பிடுகிறேன் என்றுதான் சொன்னான். சில நாள் கழித்து அவனே கூப்பிட்டு, "எழுதுங்க மேடம்" என்றான்.

புகாரை அனுப்பிவிட்டு நேராகத் தாளாளர் அறைக்குப் போனேன். யோசித்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

"சார், என் சர்டிபிகேட் எல்லாம் இப்பவே வேணும்."

"சார்ங்காத. மாமான்னு சொல்லு. ஒனக்கு இங்க என்ன கொறச்ச?"

"குறை ஒண்ணுமில்ல. அது என்னோடது. அதனால கேக்கேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து பீரோவைத் திறந்து உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இந்தா. நான் பூட்டி வச்சதாலதான் நீ இருக்கன்னா கொண்டு போ. அங்கன வேல கெடச்சிட்டா ஒங்கப்பாவ யாரு தூக்கி உக்கார வைப்பா? அத மட்டும் சொல்லிட்டுப் போ."

உறையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். இத்தனை வருடமாக அந்தப் பீரோவைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அதற்கும் வழியில்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "போய்ட்டு வா. அந்தக் கொஞ்ச நாளு நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். போ என்று மட்டும் அவள் சொல்லவில்லை. அப்பா என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். இரண்டு தடவை கேட்டும் எனக்குப் புரியவில்லை. மூன்றாம் தடவை கேட்க மனம் வராமல், புரிந்ததுபோலத் தலையாட்டினேன்.

நேர்முகத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். இத்தனை வருடத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். எதுவும் எழுதவில்லை என்றேன். வேறொருவர் என் ஆய்வைத் தொட்டுப் புதிதாக வந்திருந்த விவாதங்களைப் பற்றிக் கேட்டார். அவற்றை நான் கேள்விப்பட்டிருக்கவே இல்லை. முடிவு வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ரயிலில் திரும்பும்போது எனக்கு ஏமாற்றத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்தியது.

தாளாளர் முடிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. திரும்பி வந்த மறுநாளே வழக்கம்போல வகுப்புக்குப் போனேன்.

பண்பொழிப் பெண்ணுடைய அண்ணனின் விஷயம் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் தூதரகம் பேசியதும் முதலாளி பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டான். அவன் ஊருக்கு வந்து சில மாதம் கழித்துத் தங்கையோடு கல்லூரிக்கு வந்தான். முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்தேன். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிடச் சின்னவன். கையில் வேறொரு நாட்டு வேலைக்கான ஒப்பந்தம் இருந்தது.

"மறுபடியுமா?" என்றேன்.

"இங்கன இருந்து என்ன செய்ய மேடம்? இத ஒரு தடவ படிச்சுச் சொல்லுங்க."

மூவரும் காலி வகுப்பில் உட்கார்ந்தோம். வேலை நேரம், விடுமுறை, திரும்பும் டிக்கெட் யார் பொறுப்பு என்று ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். இரண்டு இடங்களில் கோடிட்டு, ஏஜெண்டிடம் என்ன கேட்க வேண்டும் என்றும் சொன்னேன். அவன் கவனமாகக் கேட்டுக்கொண்டான். எழும்போது, "அங்கன எதும்னா ஒங்களக் கூப்பிடலாம்லா மேடம்?" என்றான்.

"கூப்பிடு. நான் இங்கதான் இருப்பேன்" என்றேன்.

அவனுக்கு அது பெரிய தைரியமாக இருந்தது. முகமெல்லாம் சிரித்தபடி தங்கையைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.