துணை அமைச்சரின் தங்கை

திஸா ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சிற்றூர் ஆஸ்பத்திரியில் எதெல்கா பிரசவ நர்ஸ். அவளுடைய அண்ணன் லோரான்ட் அங்கேயே டாக்டராக இருந்து, தேர்தலில் ஜெயித்து, தலைநகர் புடாபெஸ்டில் சுகாதாரத் துறைத் துணை அமைச்சராகப் போனவன். "நம்ம ஊரு பிரசவ வார்டை எவனையும் மூட விடமாட்டேன்" என்று அவன் தேர்தல் மேடையில் முழங்கியபோது, எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது அவள்தான்.

மறு வருஷமே வார்டை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அடியில் அண்ணனின் கையெழுத்து. எதெல்கா போன் போட்டாள்.

"என்னண்ணே இது?"

"மேலிடத்து முடிவும்மா. நான் போடலன்னா இன்னொருத்தன் போட்டிருப்பான்."

"அவனே போட்டிருக்கட்டுமே."

அவன் பேச்சை மாற்றி, அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தான்.

அந்தக் குளிர்காலத்தில் ரொட்டிக்கடைக்காரர் மனைவி ஷரோல்தாவுக்கு இடுப்புவலி கண்டது. வார்டு பூட்டிக் கிடந்ததால் பெரிய ஊருக்குப் போன ஆம்புலன்ஸில் எதெல்காவும் துணைக்கு ஏறிக்கொண்டாள். பாதி வழியில் வண்டி பனியில் மாட்டிக்கொண்டது. குழந்தை அங்கேயே பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. எதெல்கா கொடியை எடுத்துவிட்டு, வாயோடு வாய் வைத்து ஊதி ஊதிப் பார்த்தாள். அது அழவே இல்லை.

பத்திரிகைகள் லோரான்டைச் சூழ்ந்துகொண்டன. டிவியில் அவன் நிதானமாகச் சொன்னான்: "அங்கே நர்ஸுகளே இல்லை. நல்ல சம்பளம் தேடி வெளிநாடு போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல்தான் மூடினோம்."

மறுநாள் கறிக்கடையில் ஒருத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன எதெல்கா, நீ வெளிநாட்டுல இருக்கறதா உங்கண்ணன் சொன்னாரே? எப்ப வந்தே?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். எதெல்கா கறி வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் ஒரு நிருபர் கதவைத் தட்டினார். முன்பென்றால் திருப்பி அனுப்பியிருப்பாள்.

"நாங்க யாரும் போகல" என்றாள் கேமராவைப் பார்த்து. "எங்களை வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் வார்டைப் பூட்டினாங்க. அது எங்க அண்ணனுக்கும் தெரியும்."

அந்த வாரமே லோரான்ட் ராஜினாமா செய்தான்.

"கூடப் பொறந்தவனைக் காட்டிக் குடுத்துட்டியேடி" என்று அம்மா அழுதாள்.

ஈஸ்டருக்கு அவன் வந்தான். இளைத்திருந்தான். அம்மா பன்றித்தொடையும் அவித்த முட்டையும் அவன் தட்டில் மட்டும் மறுபடி மறுபடி வைத்தாள். அம்மா அடுப்படிக்குப் போன நேரத்தில் அவன் தலை நிமிராமல் கேட்டான்.

"அந்தக் குழந்தை ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

"பேரு வெச்சாங்களா?"

"வெச்சாங்க."

என்ன பேர் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இப்போது அவன் எங்கோ மேற்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறான். பண்டிகை நாட்களில் அம்மாவுக்கு போன் செய்வான். அம்மா பேசி முடிக்கும்வரை எதெல்கா தோட்டத்தில் போய் நின்றுகொள்வாள். அவளைக் கூப்பிடச் சொல்லி அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.