எந்த என்ட்விஸில்?

போன செவ்வாய்க்கிழமை ஈஸ்ட் ஹாமில் எங்கள் குடும்ப டொக்டரின் சர்ஜரியில், அதாவது கிளினிக்கில், காத்திருந்தேன். இருமல். குளிர் தொடங்கினால் இந்த ஊரில் யாருக்குத்தான் இல்லை?

"மிஸ்டர் கந்தையா!" என்று ரிசப்ஷனிஸ்ட் கூப்பிட்டாள்.

மூன்று பேர் எழும்பினோம்.

ஒருவரையொருவர் பார்த்தோம். முன்பின் தெரியாத முகங்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நீங்கள் எந்தக் கந்தையா?"

"நான் கந்தையா இல்லை, அண்ணை. அப்பாதான் கந்தையா."

"எனக்கும் அதுதான்" என்றார். மூன்றாவது ஆளும் தலையாட்டினார்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண் கூப்பிட்டது எங்களை அல்ல, எங்கள் அப்பாக்களை! அவர்களில் ஒருவர்கூட லண்டன் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

வந்திறங்கிய அன்று ஓர் அதிகாரி 'சர்நேம்?' என்று கேட்டார். அப்படியொன்று நம்மிடம் ஏது? அப்பாவின் பெயரைக் கொடுத்தோம். அன்றுமுதல் என் மனைவி சாந்தி மிஸஸ் கந்தையா. அதாவது... என் அப்பாவின் மனைவி! அம்மாவுக்கு இதை இன்னும் நான் எழுதவில்லை.

வெள்ளைக்காரரின் சர்நேம் வேறு சாதி. பலவற்றுக்குச் சொந்த ஊர் உண்டு. சில பெயர்கள் அந்த ஊரைவிட்டுக் கிளம்பவே மாட்டேன் என்று நூற்றாண்டுக் கணக்காக அடம்பிடித்துக்கொண்டு அங்கேயே இருக்கின்றன. இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மிஸஸ் ஸ்மித் மூலம்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நாங்கள் லண்டனின் தெற்கே கோலியர்ஸ் வுட்டில் மிஸஸ் ஸ்மித்தின் வீட்டு மேல்மாடியில் குடியிருந்தோம். எனக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் காலை ஷிப்ட். சாந்தி வீட்டில் தையல் மிஷினோடு. கீழே மிஸஸ் ஸ்மித் தனியாக. வயது எழுபதைத் தாண்டியிருந்தது. கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. படியில் சத்தமாக நடக்கக்கூடாது, குளியலறை ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், பால் போத்தலைக் கழுவித்தான் வெளியே வைக்க வேண்டும்... சட்டங்கள் ஏராளம். ஆனால் சாந்தி கறி காய்ச்சும்போது ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அது ஒன்றுக்காகவே மற்றச் சட்டங்களை எல்லாம் மதித்தோம்.

புதிதாக யாரைக் கண்டாலும் அவர் ஒரு வசனம் சொல்லுவார்: "ஸ்மித் என் கணவரின் பெயர். நான் பிறப்பால் என்ட்விஸில்."

ஏதோ ராஜ பரம்பரையாக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் மிஸஸ் ஸ்மித் படியில் விழுந்தார். சாந்திதான் சத்தம் கேட்டு ஓடினாள். அம்புலன்ஸ் வந்தது. இடுப்பு எலும்பு முறிவு. டூட்டிங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அதற்குப் பிறகுதான் பிரச்சினை. மனுஷி எழும்பவே மறுத்தார். நர்ஸ்மார் வந்து 'நடந்து பாருங்கள்' என்றால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சாப்பாட்டுத் தட்டு வந்தபடியே திரும்பிப் போகும். ஒரு நர்ஸ் சாந்தியை வெளியே கூட்டிவந்து சொன்னாள்: "இப்படியே இருந்தால் இனி அவரால் வீட்டுக்குப் போக முடியாது. முதியோர் விடுதிக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். சொந்தக்காரர் யாருமே இல்லையா? படிவத்தில் உங்கள் பெயரைத்தான் போடச் சொன்னார்."

சாந்தி வீட்டுக்கு வந்து பையைக்கூட வைக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, அந்த மனிசிக்கு ஒரு தம்பி இருக்கிறாராம். ஹரல்ட் எண்டு பேர். இண்டைக்குத்தான் வாய் திறந்து சொன்னவ."

"எங்க இருக்கிறாராம்?"

"தெரியாதாம். தாயின்ர செத்தவீட்டுக்கு இவ போன ரெயின் பிந்திப்போச்சாம். போய்ச் சேர முதலே எல்லாம் முடிஞ்சுதாம். ஏன் எனக்காகப் பாத்துக்கொண்டு நிக்கேல்லை எண்டு இவ கேட்க, ஏன் முதல் ரெயின்ல வரேல்லை எண்டு அவர் கேட்க... இருபது வருசத்துக்கு மேல கதை பேச்சில்லை. பிறகு இவ ஒரு கிறிஸ்மஸ் கார்ட் போட்டவவாம். அந்த விலாசத்தில ஆள் இல்லை எண்டு திரும்பி வந்திட்டுதாம்."

"அதுக்கு நாங்கள் என்ன செய்யேலும் சாந்தி?"

"தேடிப் பிடியுங்கோ."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! இந்த நாட்டில் அடுத்தவர் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைப்பது லேசுப்பட்ட குற்றமா? மிஸஸ் ஸ்மித்துக்குக் கோபம் வந்து எங்களை வீட்டைவிட்டு எழுப்பிவிட்டால் எங்கே போவது? இதையும் சொல்லிப் பார்த்தேன்.

"எழுப்பினா வேற வீடு பாப்பம்" என்றாள் சாந்தி. "நாளைக்கு எனக்கு ஒண்டு நடந்தா, கனடாவில இருக்கிற என்ர அண்ணையை ஆராவது தேட வேண்டாமோ?"

அடுத்த நாள் ஷிப்ட் முடிந்ததும் லைப்ரரிக்குப் போனேன்.

அந்தக் காலத்து லைப்ரரிகளில் நாட்டின் அத்தனை டெலிபோன் டிரெக்டரிகளும் ஒரு தட்டில் வரிசையாக இருக்கும். முதலில் லண்டன் புத்தகத்தைப் பிரித்தேன். என்ட்விஸில்கள் ஒரு கை விரல்களில் எண்ணக்கூடிய அளவுதான். ஹரல்ட் இல்லை. தென்மேற்கே கடலோரமாய்க் கோர்ன்வால்... அந்தப் பெயரே இல்லாததுபோல் இருந்தது. வேல்ஸ் பக்கம் பார்த்தேன். ஒன்றோ இரண்டோ. சரி, வேலை சுலபம் என்று நினைத்தேன்.

கண்ணாடி போட்ட லைப்ரரியன் அம்மா கொஞ்ச நேரம் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னேன். சிரித்தார். "அந்தப் பெயரை இங்கே தேடுகிறீர்களே! அது லங்காஷயர்ப் பெயர். போல்டன், பிளாக்பர்ன் பக்கம் பாருங்கள்."

பார்த்தேன். என்ட்விஸில், என்ட்விஸில், என்ட்விஸில்... பத்தி பத்தியாக, விரல் வழுக்கிக்கொண்டு போகிற அளவுக்கு! நாடு முழுவதும் தேடினால் அகப்படாத பெயர், இந்த ஒரு மூலையில் மட்டும் ஈசல்போல மொய்த்துக் கிடந்தது.

லைப்ரரியன் அம்மா சர்நேம்களுக்கென்றே இருக்கும் ஒரு தடித்த அகராதியைக் கொண்டுவந்து வைத்தார். என்ட்விஸில் என்பது அங்கேயுள்ள ஒரு கிராமத்தின் பெயராம். 'ட்விஸில்' என்றால் பழைய ஆங்கிலத்தில் இரண்டு ஓடைகள் கூடுகிற கவர், அதாவது ஆற்றுச் சந்தி. முன்னால் இருப்பது நீர்க்கோழி. இல்லை, வாத்து என்பாரும் உண்டாம். ஆக, நீர்க்கோழிகள் மேய்கிற ஆற்றுக் கவர். அங்கேயிருந்து முதலில் வெளியேறிய யாரோ ஒருவனை அக்கம்பக்கத்து ஊர்க்காரர் 'என்ட்விஸில்காரன்' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவனும் அதிக தூரம் போகவில்லை. அவன் பிள்ளைகளும் போகவில்லை. ராஜ பரம்பரையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை!

மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கியாறு என்ற ஒன்றை ஆறு என்று சொல்லித் திருப்திப்படுகிற யாழ்ப்பாணத்தான் நான். ஆற்றுக்கே இரண்டு கவர் என்றால் எனக்கு அது பெரிய விஷயம்தான்.

'எச்' என்ற முதலெழுத்துப் போட்ட என்ட்விஸில்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். ஆறு மணிக்குப் பிறகு டெலிபோன் கட்டணம் குறைவு. மிஸஸ் ஸ்மித்தின் ஹோலில் இருந்த போனுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சாந்தி பக்கத்தில் நின்றாள்.

முதலாவது என்ட்விஸில், "எங்களுக்கு ஒன்றும் வாங்கத் தேவையில்லை" என்று வைத்துவிட்டார். இரண்டாவது ஆளுக்குக் காது கேட்காது. மூன்றாவது, நான்காவது இடங்களில் நான் பேசியது அவர்களுக்கு விளங்கவில்லை, அவர்கள் பேசியது எனக்கு விளங்கவில்லை. ஐந்தாவதில் ஒரு பெண்மணி எடுத்தார். ஹரல்ட் என்ட்விஸில் என்றேன். அக்காவுக்குச் சுகமில்லை என்றேன்.

அந்த அம்மா கேட்டார்:

"எந்த ஹரல்ட்? யாருடைய மகன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த நாட்டுக்கு வந்து அத்தனை வருஷத்தில் ஒரு வெள்ளைக்காரர் வாயிலிருந்து இந்தக் கேள்வியை நான் கேட்டதேயில்லை. லண்டனில் உங்கள் பெயரைக் கேட்பார்கள், வேலையைக் கேட்பார்கள், வானிலையைப் பற்றிக் கேட்பார்கள். நீ யாருடைய மகன் என்று யார் கேட்டிருக்கிறார்கள்? இது யாழ்ப்பாணத்துக் கேள்வியல்லவா! ரிசீவரைப் பொத்திக்கொண்டு சாந்தியிடம் சொன்னேன்: "ஆரின்ர மகன் எண்டு கேக்கிறா!"

"அப்ப கண்டுபிடிச்ச மாதிரித்தான்" என்றாள் அவள்.

தகப்பன் பெயர் எங்களுக்குத் தெரியாது. அடுத்த நாள் பார்வையாளர் நேரத்தில் சாந்தி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள், உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று. அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷி திரும்பினார். அப்பா பெயர் ஆர்தர். நெசவாலையில் மேற்பார்வையாளர். சேர்ச்சுக்குப் பின்னால் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ரம்பெட் வாசிப்பார்... பேசப் பேச முகத்தில் நிறம் வந்தது. நடுவில் சட்டென்று நிறுத்தி, "ஏன் கேட்கிறாய்?" என்றார்.

சாந்திக்குப் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொல்லிவிட்டாள்.

மிஸஸ் ஸ்மித் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வாசலில் நின்று, வாடகைக்கு இனி எந்த ஏரியாவில் வீடு தேடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "கிடைத்தால், என் தலைமயிரைச் சீவிவிட வேண்டும். இப்படி அவன் என்னைப் பார்க்கக்கூடாது."

அன்று மாலை அதே அம்மாவைக் கூப்பிட்டு ஆர்தரின் மகன் என்றேன். நான் முடிக்க அவர் விடவில்லை.

"ஓ, ட்ரம்பெட் ஆர்தரா! முதலிலேயே சொல்லியிருக்கலாமே. ஹரல்ட் இப்போது தன் மகள் வீட்டில். போன் மருமகன் பெயரில். புத்தகத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?"

எங்கள் நம்பரை வாங்கிக்கொண்டு வைத்துவிட்டார். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. போன் மணி அடித்தது.

"எடித் உயிரோடு இருக்கிறாளா?" என்று ஒரு கரகரத்த குரல்.

எடித் என்பது மிஸஸ் ஸ்மித்தின் பெயர். இருக்கிறார் என்றேன். அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு திடீரென்று கோபம். "நான் தேடாமல் விட்டேன் என்று நினைக்கிறாளா? எங்கள் ஊர் லைப்ரரியிலும் லண்டன் புத்தகம் இருக்கிறது. ஸ்மித்! பக்கம் பக்கமாக ஸ்மித்! எடித்தின் முதலெழுத்துப் போட்டவர்களாகப் பார்த்துக் கூப்பிட்டேன். ஒருவன் தச்சன். இன்னொருவர் பாதிரியார், என்னைச் சேர்ச்சுக்கு வரச் சொன்னார். அவள் போன் எவன் பெயரில் இருக்கிறது?"

ஹோலில் தொங்கிய பில்லைப் பார்த்தேன். இறந்துபோன கணவர் வில்பிரட்டின் பெயர்.

"உலகத்தில் எத்தனையோ பெயர்க்காரன் இருக்க," என்றார் ஹரல்ட், "அவளுக்குக் கட்டிக்கொள்ள ஒரு ஸ்மித்தா கிடைத்தான்?"

ஸ்மித் என்றால் கொல்லன். எந்த ஊரில் கொல்லன் இல்லை? ஊருக்கொரு கொல்லன், கொல்லனுக்கொரு குடும்பம். நாடெங்கும் ஸ்மித் பெருகியதில் அதிசயமில்லை. கலியாணம் செய்த அன்றே எடித் அந்தக் கூட்டத்துக்குள் போய்த் தொலைந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஹரல்ட் வந்தார். குட்டையான மனிதர், பெரிய கோட், கையில் ஒரு பிஸ்கட் டின். முதல் ரெயிலில் வந்திருந்தார். நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வார்டு வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். உள்ளே சாந்தி சீவிவிட்ட தலையோடு மிஸஸ் ஸ்மித் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

தம்பியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"உன் தலைமயிருக்கு என்ன நடந்தது?"

"போய்விட்டது" என்றார் ஹரல்ட். "உனக்காக எவ்வளவு காலம்தான் அதுவும் காத்துக்கொண்டிருக்கும்?"

அவ்வளவுதான். கட்டிப் பிடிக்கவில்லை, அழவில்லை. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பிஸ்கட் டின்னைத் திறந்தார். அக்காவின் கை அவர் கோட்டுக் கையைப் பிடித்தது. பிறகு விடவேயில்லை. சாந்திதான் தாழ்வாரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு? தூசி விழுந்தது.

ஹரல்ட் நான்கு நாட்கள் அக்கா வீட்டின் கீழ் அறையில் தங்கினார். சாந்தியின் இடியப்பத்தையும் சொதியையும் 'நூல் புட்டிங்' என்று பெயர் வைத்துச் சாப்பிட்டார். மூன்றாம் நாள், நர்ஸ் சொல்லியும் எழும்பாத மனுஷி, தம்பி வெளியே புகைக்கப் போய்ப் பத்து நிமிஷமாகக் காணவில்லை என்று தானே கட்டிலைவிட்டு இறங்கித் தேடிப் போனார். அதன் பிறகு விடுதிப் பேச்சே எழவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் எங்களோடு இருந்தார். சட்டங்கள் எல்லாம் மறுபடி அமுலுக்கு வந்தன. அடுத்த வசந்த காலத்தில் வீட்டை விற்றுவிட்டுத் தம்பியின் ஊருக்கே போனார். நாங்கள் ஈஸ்ட் ஹாமுக்கு மாறினோம்.

போய்ச் சில வாரங்களில் கடிதம் வந்தது. ஊரில் எல்லோருக்கும் தன்னை நினைவிருக்கிறதாம். என்ட்விஸில் என்றால் கடைக்காரன்கூட எழுத்துக் கூட்டச் சொல்லிக் கேட்பதில்லையாம். கடைசியில் ஒரு குறிப்பு: 'அடுத்த முறை கடித உறையில் மிஸஸ் ஸ்மித் என்று எழுத வேண்டாம். தபால்காரன் குழம்பிப் போகிறான். ஆர்தரின் எடித் என்று எழுதினால் நேரே வந்துவிடும்.'

சாந்தி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். "நாப்பது வருசம் மிஸஸ் ஸ்மித்தா இருந்த மனிசி! ஊருக்கு அவ இன்னும் ஆர்தரின்ர பெட்டைதான்" என்று சிரித்தாள்.

கலியாணம் பெயரை மாற்றலாம்... ஊர் அதற்குச் சம்மதிக்க வேண்டுமே!