அடுப்பங்கரைச் சுவரில் ஒரு ஜீப் கண்ணாடி

மூன்று வருடங்களுக்கு முன்பு, புளி உலுக்கும் பருவத்தில் நடந்தது இது. ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுக்குப் போகும் சாலையோரம் நானும் என் கணவரும் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறோம். அவர் ஜீப்பும் ஓட்டுகிறார். சமையல் என் பொறுப்பு. மலைக்குக் கீழே செங்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான் என்றாலும், சாமைச் சோறும் கொள்ளு ரசமும் என்னை மாதிரி யாராலும் வைக்க முடியாது என்று கொஞ்சம் திமிர் உண்டு எனக்கு.

ஒருநாள் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். தண்ணீர்த் தொட்டி, காய் நறுக்கும் பலகை, கழிவுநீர் போகும் வழி என்று எல்லாம் பார்த்துவிட்டு, ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என் ரசத்துக்கா ரெண்டு?"

"உங்க ரசத்த நான் இன்னும் குடிக்கவே இல்லீங்க" என்று சிரித்தார்.

ருசிக்கு இதில் மார்க் கிடையாதாம், சுத்தத்துக்கு மட்டும்தானாம். தொட்டிக்கு மூடி, தலைக்குத் துணி எல்லாம் சுலபமாகச் சரிசெய்துவிடலாம். பெரிய குறை வேறு. சாப்பிட வருகிறவர்கள் நேராக அடுப்பங்கரைக்குள் வந்து நிற்கிறார்கள். எங்கள் கடையில் அது வழக்கம். உள்ளே வந்து, சட்டியைத் திறந்து பார்த்து, இன்னா குழம்பு என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

அருவி பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் வேனை நிறுத்தியதும் வாசலில் ஒட்டிய நட்சத்திரத்தைத்தான் தேடுகிறார்கள். அதனால் அடுப்பங்கரைக்குக் கதவு போட்டுத் தாழ்ப்பாளும் வைத்தோம்.

புளி விற்க வரும் அக்கா ஒருவர் எங்களிடம்தான் வழக்கமாகச் சாப்பிடுவார். கதவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இன்னா தங்கச்சி, சாத்திக்கினு ஆக்குற? நாங்க பாக்கக் கூடாதது இன்னா இருக்குது உள்ள?"

"சட்டம்க்கா" என்றேன். சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். ஒவ்வொருவராக மற்றவர்களும் வருவதை நிறுத்தினார்கள். வேன்கள் சனி, ஞாயிறில்தான் வரும். மற்ற நாளெல்லாம் கடை ஓடுவது இந்த மலை ஜனங்களால்தான். மீந்த சோற்றை மாட்டுக்கு வைத்தபோது அழுகையே வந்துவிட்டது. என் கைச் சமையலைச் சந்தேகப்பட்டுவிட்டார்களே!

என் கணவர் அதிகம் பேசமாட்டார். வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய ஜீப்பின் முன்கண்ணாடியைக் கழற்றி வந்து, சாப்பிடும் பக்கத்து அடுப்பங்கரைச் சுவரில் கொஞ்சம் இடித்துப் பதித்துவிட்டார்.

"கண்ணு உள்ள வர்லாம், காலுதான வரக் கூடாது?" என்றார். வெட்கத்தை விட்டுப் புளிக்கார அக்காவை நானே போய்க் கூப்பிட்டேன்.

அவர் வந்த நேரம், மறுபடி பார்வையிட அதிகாரியும் வந்திருந்தார். அக்கா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, மூக்கை ஒட்டவைத்துப் பார்த்தார்.

"தங்கச்சி, ரசம் தொறந்து கெடக்குது. மூடி வையி, ஈ வரும்."

நான் அலறியடித்து மூடினேன். அதிகாரி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "நான் எழுதறதுக்குள்ள அவங்களே சொல்லிட்டாங்க."

நான்கு நட்சத்திரம் கிடைத்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதிகாரி ரசம் இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு அதுவே போதும்.

இப்போதும் தினமும் அடுப்பு மூட்டுவதற்கு முன் அந்தக் கண்ணாடியைத்தான் முதலில் துடைக்கிறேன். நாலு பேர் எட்டிப் பார்க்கிற இடத்தில் நின்று சமைப்பது எவ்வளவு நிம்மதி என்பது அந்தக் கதவைத் தாழ்போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.