பிடுங்கிப் போட்ட பதினோரு செடிகள்

என் வீட்டுக்காரருக்குச் சுருங்கிய இலையைக் கண்டால் கை சும்மா இருக்காது. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் மரவள்ளி போட்டிருக்கிறவர். வெள்ளை ஈ வந்து உட்கார்ந்து தேமல் நோயைப் பரப்பிவிட்டுப் போய்விடும். இலை மஞ்சள் திட்டாகிக் கோணிக்கொள்ளும். அப்படி ஒரு செடி கண்ணில் பட்டால் வேரோடு பிடுங்கி, காட்டுக்கு (எங்கள் பக்கம் வயலைக் காடு என்றுதான் சொல்வோம்) வெளியே கொண்டுபோய்த் தீ வைத்துவிட்டுத்தான் அவருக்கு மறுவேலை. கல்யாணமான புதிதில், போகிற வழியில் யாருடைய காட்டிலோ நின்ற தேமல் செடியைப் பார்த்துவிட்டு, பைக்கை நிறுத்தி இறங்கிப் போய்ப் பிடுங்கினார். பின்னால் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த நான், இந்த மனிதரோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறோம் என்று நினைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நானோ சுருங்கிய இலையை வைத்துத்தான் முனைவர் பட்டம் வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் பாடம் எடுத்துக்கொண்டே பகுதி நேரமாக ஆராய்ச்சி. ஓர் இலை தன் வளர்ச்சியை எப்படி நிறுத்திக்கொள்கிறது என்பதுதான் என் கேள்வி.

இளம் இலையில் செல்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அவற்றைப் பார்த்து ‘போதும்’ என்று சொல்ல ஒரு புரதம் இருக்கிறது. அது இலை நுனியில் வேலையை ஆரம்பித்து மெல்லக் காம்பை நோக்கி இறங்கி வரும். அது சொன்ன இடத்தில் செல்கள் பிரிவதை விட்டுவிட்டு, பெருத்து முதிர ஆரம்பிக்கும். அந்தப் புரதத்தை உண்டாக்குகிற மரபணு பழுதாகிவிட்டால் ‘போதும்’ என்று சொல்ல ஆள் இல்லை. இலையின் ஓரம் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகும். பெண் குழந்தையின் கவுனுக்கு ஓரத்தில் கூடுதல் துணி வைத்துத் தைத்தால் எப்படிச் சுருக்கம் விழுமோ, அப்படி இலையிலும் விழும். செடிக்கு நோயும் இல்லை, நொடியும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் அப்படித் தெரியும்.

என் நெறியாளர், கதிர்வீச்சில் இந்த மரபணு பழுதான ஒரு தக்காளியின் விதைகளைச் சின்னக் கவரில் போட்டுக் கொடுத்தார். இவ்வளவுதான் மிச்சம், பத்திரம் என்று இரண்டு தடவை சொன்னார். கல்லூரியில் தண்ணீர்த் தட்டுப்பாடு. அதனால் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நிழல்வலை கட்டி, நாற்பது தொட்டிகளில் அவ்வளவு விதையையும் போட்டேன். பதினோரு செடிகளில் இலை சுருங்கி வந்தது. மற்றவை நேர் இலை. அந்தப் பதினொன்றில் பழம் எடுத்து, விதை எடுத்து, அடுத்த தலைமுறை இலைகளை அளந்தால் ஆய்வேட்டை முடித்துவிடலாம். ஏற்கெனவே ஒருமுறை கால நீட்டிப்பு வாங்கியிருந்தேன். இன்னொரு முறை கிடைக்காது என்று பல்கலைக்கழகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இந்தப் பட்டத்தில்தான் எட்டு வருஷ உழைப்பும் கல்லூரி வேலையும் தொங்கிக்கொண்டிருந்தன.

மாடிப்பக்கம் யாரும் வரக்கூடாது என்பது என் சட்டம். அவரும் வரமாட்டார். என்ன செய்கிறாய் என்று ஆரம்பத்தில் ஒன்றிரண்டு தடவை கேட்டார். சொன்னால் உங்களுக்குப் புரியாது என்று வாயை அடைத்துவிட்டேன். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேர் இலைச் செடிகளில் காய் முற்றி, சுருங்கிய செடிகள் அப்போதுதான் பிஞ்சு விட்டிருந்த நேரத்தில் கோயம்புத்தூரில் பத்து நாள் பயிற்சி வந்தது. போகாமல் இருக்க முடியாது. மாடிச் சாவியை அவர் கையில் கொடுத்து, காலையில் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள் என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் போனில் செடிகளைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். எல்லாம் தளதளவென்று இருக்கிறது, நீ நிம்மதியாகப் படி என்றார்.

திரும்பி வந்ததும் பையைக் கூடக் கீழே வைக்காமல் மாடி ஏறினேன். பதினோரு தொட்டிகளில் செடி இல்லை. மண்ணைக் கிளறிச் சமப்படுத்தி வைத்திருந்தது. அவர் பின்னாலேயே ஏறி வந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமிதம்.

“நோவு புடிச்சதையெல்லாம் நீ போன அன்னைக்கே புடுங்கித் தீ வெச்சுட்டேன் அம்மிணி. இனி மத்ததுக்கு ஒட்டாது.”

எனக்குக் கோபம் வந்தால் நிதானம் போய்விடும். அன்றைக்கு என்னவெல்லாம் பேசினேன் என்று முழுவதும் எழுத மாட்டேன். நோவு இல்லை, அதுதான் என் ஆராய்ச்சி, எட்டு வருஷத்தை எரித்துவிட்டீர்கள் என்று கத்தினேன். படிக்காத ஆளிடம் சாவியைக் கொடுத்தது என் புத்தி என்றும் சொன்னேன். அவர் காலித் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் இறங்கிக் காட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தும் எங்கள் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் பாலெடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். கீழே காய்கறித் தட்டு முழுக்கத் தக்காளி. ஒவ்வொன்றும் தனித்தனிக் கவரில் இருந்தது. ஒவ்வொரு கவரிலும் பேனாவால் அவருடைய கோணல் கையெழுத்தில் ஓர் எண்: 4, 17, 23. என் தொட்டி எண்கள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரிடம் இது என்ன என்று கேட்டேன். நேர் இலைச் செடிகளில் பழம் கனிந்து கீழே விழப் பார்த்ததாம். நீ எல்லாத்துக்கும் நம்பர் எழுதுவாயே, கலந்துவிட்டால் திட்டுவாய் என்று தனித்தனியாக வைத்தேன், ஒன்றைக்கூட ஒருத்தரும் சாப்பிடவில்லை என்றார். அதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் கரும்பலகையில் நானே போட்டுக் காட்டுகிற மரபியல் கட்டம்தான். ஒவ்வொரு செடியிலும் அந்த மரபணு இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று பழுதானாலும் இன்னொன்று சமாளித்து ‘போதும்’ என்று சொல்லிவிடும். இலை நேராக வரும். இரண்டும் பழுதானால்தான் சுருக்கம். நெறியாளர் கொடுத்த விதைகளின் தாய்ச்செடியிலும் ஒரு பிரதிதான் பழுது; அதனால்தான் நாற்பதில் பதினொன்று மட்டும் சுருங்கியது. ஆகவே நேர் இலைச் செடிகளில் மூன்றுக்கு இரண்டு, பழுதான ஒரு பிரதியை உள்ளே வைத்துக்கொண்டு சாதுவாக நிற்க வேண்டும். அவற்றின் விதையை முளைக்கப் போட்டால் நாலில் ஒன்று திரும்பச் சுருங்கி வரலாம்.

அவரைப் போகவிடவில்லை. உட்காரவைத்து, தக்காளிகளைத் தரையில் பரப்பி, முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். செல், புரதம், ‘போதும்’, கவுன் ஓரத்துச் சுருக்கம். எல்லாம் அவருக்குப் புரிந்தது. ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்.

“அப்ப நல்லா இருக்கற செடிக்குள்ளயும் அது இருக்குதா?”

“இருக்கோணுமுங்க. இல்லீன்னா என் கதை முடிஞ்சுது.”

ஒரு தக்காளியைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, “மொதல்லயே சொல்லியிருந்தா ராப்பகலா காவல் இருந்திருப்பனே அம்மிணி” என்றார். நேற்றுப் பேசியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விதை எடுக்கக் கிண்ணம் தேட எழுந்துவிட்டார்.

எண் வாரியாக விதை எடுத்து, கழுவி, உலர்த்தி, நாற்றுத் தட்டுகளில் விதைத்தோம். முளைத்து வரும் முதல் இரண்டு விதையிலைகளும் எல்லாச் செடியிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதற்கப்புறம் வருகிற இலைதான் உண்மையைச் சொல்லும். நான் பார்க்கப் பயந்துகொண்டு மாடிக்குப் போவதையே தள்ளிப்போட்டேன். அவர்தான் காட்டுக்குப் போகும் முன் தினமும் ஏறிப் பார்த்துவிட்டு, இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு காலையில் மாடியிலிருந்து கூப்பிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். பதினேழாம் எண் தட்டுக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். ரோட்டோரச் செடியைக்கூட விட்டுவைக்காத அந்த இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

“நான் தொடலை அம்மிணி. நீயே பாரு.”

ஒரு நாற்றின் இலை ஓரத்தில் சுருக்கம் தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கு மேல் எனக்குப் பார்வை தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. எத்தனை இருக்கிறது என்று அவரையே எண்ணச் சொன்னேன்.