எண்ணெய் படாத சக்கரம்

மூன்றாவது முறையாகக் கையைக் கழுவுகிறாள் உலகம்மை. முதலில் கடலைமாவு, பிறகு அரப்பு, கடைசியில் துணி துவைக்கிற சோப்பு. விரல் இடுக்குகளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கிறாள். துடைத்து, உள்ளங்கையை ஒரு செய்தித்தாளில் அழுத்தி, தாளை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறாள். எண்ணெய்த் திட்டு எங்காவது கண்ணாடி போலத் தெரிந்தால் நான்காவது முறையும் கழுவுவாள். இன்று தெரியவில்லை. அதன் பிறகுதான் சுவரில் சாய்ந்து நிற்கும் வண்டியின் பாலித்தீன் உறையை நீக்குகிறாள், அதையும் இரண்டு விரலால்.

குற்றாலத்தில், அருவிக்குப் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிற ஒரு லாட்ஜின் பின்கட்டில், பெண்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவள் தொழில். வயது முப்பத்திரண்டு. அகன்ற தோள், சின்னக் குரல். கழுத்தில் பிடிப்பு எங்கே என்று யாரிடமும் கேட்பதில்லை. கட்டைவிரல் தேடிப் போய் அதன்மேல் நின்றுகொள்ளும். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் காலையிலிருந்து சாயங்காலம் வரை முதுகுக்குப் பின் முதுகாக வந்துகொண்டே இருக்கும். நடுவில் அரைமணி நேரம் கிடைத்தால் கையைக் கழுவிவிட்டு வண்டியை எடுப்பாள். சுடிதார் பேன்ட்டின் கால்களை முடிகட்டும் ரப்பர் பேண்டால் இறுக்கிக்கொள்வாள். துப்பட்டா இடுப்புக்குப் போய்விடும்.

வண்டி என்பது ஒரு சைக்கிள். சிறிய சக்கரம், தடித்த டயர். மட்கார்டு இல்லை, பெல் இல்லை, ஸ்டாண்டு இல்லை. சீட் மட்டும் உண்டு; முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அகலத்தில். அதில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உட்காரவும் முடியாது. எப்போதும் பெடல்மேல் நின்றபடியேதான் ஓட்ட வேண்டும்.

அதே பின்கட்டில் எண்ணெய் தேய்ப்பதில் அவளுக்கு மூத்தவள் ஆவுடையம்மாள். எண்ணெய்க் கிண்ணமும் கையுமாக வாசலில் நின்று வாரத்துக்கு ஒருமுறையாவது இதைக் கேட்டுவிடுவாள்.

"ஏட்டி, உக்காராத சீட்டுக்கு என்னட்டி இம்புட்டு மினுக்கு?"

"அழகுக்குத்தான் ஆச்சி. நீங்க மூக்குத்தி போட்டிருக்கியளே, மூச்சு விடவா போட்டிருக்கிய?"

"வாயி மட்டும் எண்ணெய் போடாமலே வழுக்குது ஒனக்கு."

இந்த விளையாட்டுக்கு ட்ரையல்ஸ் என்று பெயர். இதில் வேகத்துக்கு வேலை இல்லை. சைக்கிள் ஏறாத இடத்தில் சைக்கிளை ஏற்றி, கால் தரையில் படாமல் இறக்க வேண்டும். அதில் இரண்டு வழிகள். ஒன்று பாறை. ஒரு பாறையில் ஏறி நின்று, மூச்சு வாங்கி, பின்சக்கரத்தைப் பிரேக்கால் கட்டிப்போட்டு, தவளை மாதிரி அடுத்த பாறைக்குத் தாவுவார்கள். கால் ஊன்றினால் மதிப்பெண் போகும். அந்த வண்டிக்குச் சீட்டே கிடையாது. இன்னொன்று தெரு. படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், சிமெண்ட் பெஞ்ச் என்று ஊருக்குள் கிடைக்கிறதெல்லாம் களம்தான். ஒரு தாவலின் முடிவில் அடுத்த தாவல் பிறக்க வேண்டும், பார்க்க அழகாக இருக்க வேண்டும். தெரு வண்டிக்குச் சின்னதாக ஒரு சீட் உண்டு. "பாறைன்னா கணக்கு, தெருன்னா நடை" என்பாள் உலகம்மை.

இரண்டுக்கும் உயிர் பின்பிரேக்கில் இருக்கிறது. அவள் வண்டியில் பிரேக் கட்டை சக்கரத்தின் ரிம்மைத்தான் கவ்வும். வெயில் காலத்தில் ரோடு போடுகிற இடத்திலிருந்து ஒரு பொட்டுத் தார் வாங்கி வந்து ரிம்மில் தேய்ப்பாள். சாரல் காலத்துக்குத் தார் ஆகாது. அப்போது கிரைண்டிங் சக்கரத்தால் ரிம்மைச் சொரசொரப்பாக்கிவிடுவாள். மழைத் தண்ணீர் பட்டாலும் கட்டை கவ்வும். எண்ணெய் பட்டால் மட்டும் கவ்வாது. அன்றாடம் படிக்கணக்கில் நல்லெண்ணெயில் கை நனைக்கிற ஒருத்தி, ஒரு சொட்டு எண்ணெய் படக்கூடாத ஒரு பொருளைத் தன்னுடையது என்று வைத்திருக்கிறாள்.

தெரு வழிக்கு இங்கே ஒரு காலம் இருந்தது. முதலில் எல்லோரும் பாறையில்தான் ஏறினார்கள். கோடையில் ஆறு வற்றியதும் அருவிக்குக் கீழே கிடக்கும் உருண்டைக் கற்களில் நாலைந்து பையன்கள், கூட உலகம்மை. பிறகு செல்போனில் வெளிநாட்டுத் தெரு வீடியோக்கள் வந்தன. தென்காசியில் ஏறாத சுவர் இல்லை, தாவாத படி இல்லை என்று ஆயிற்று. பாறைக்காரர்கள்கூட வண்டிக்குச் சீட் மாட்டினார்கள். தென்காசியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சேக் தாவூது, "அந்த ரெண்டு வருசம் நான் வித்தது சைக்கிள் இல்ல, சீட்டு" என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அடுத்து மோட்டார் பைக்கில் முன்சக்கரத்தைத் தூக்கும் பைத்தியம் வந்தது. பையன்கள் அங்கே ஓடினார்கள். சிலருக்குக் கை கால் ஒடிந்தது. சிலருடைய வண்டியைப் போலீஸ் கொண்டுபோனது. அதோடு தெருவில் சைக்கிளின் முன்சக்கரம் ஒரு சாண் எழும்பினாலும், "ரோடு என்ன ஒங்கப்பன் வீட்டு முற்றமாலே?" என்று கடைக்குள்ளிருந்து குரல் வரத் தொடங்கியது. மிஞ்சியவர்கள் சீட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டுப் பாறைக்கே திரும்பினார்கள்.

உலகம்மை கழற்றவில்லை. ஏன் என்று நான் கேட்டபோது, யோசிக்காமல் பதில் சொன்னாள்.

"பாறை சும்மா கிடக்கையில பாக்க ஆளில்ல. ஆளு வரையில பாறை தண்ணிக்குள்ள கிடக்கு. நான் வண்டி விடுதத எங்கூட வேல பாக்குத பொம்பளைய பாக்காண்டாமா? அவ்வொ கல்லுல ஏறியா வருவாவ? இங்கன வாசப்படியில விட்டா, எண்ணெய்க் கிண்ணத்த வச்சிட்டு எட்டிப் பாப்பாவல்லா?"

சேக் தாவூது வருடாவருடம் போட்டி நடத்துகிறார். பங்குனியில் பாறை, ஆனியில் தெரு. தெருப் போட்டி நடப்பது உலகம்மை வேலை பார்க்கும் அதே லாட்ஜின் முன்வாசலில். சரிவான முற்றம், தரைக்குமேல் எழுப்பிய தண்ணீர்த் தொட்டியின் மூடி, அகலமான படிகள், படிமேடையிலிருந்து நீளும் தட்டையான கைப்பிடிச் சுவர். படியிலும் சுவரிலும் ஒற்றைச் சக்கரத்தில் நின்று காட்டினால் தனி மதிப்பெண். போன ஆனியில் அவர் சாமான்களை இறக்கும்போதே சொல்லிவிட்டார்.

"தாயி, பாறைக்குப் பய இடிச்சிக்கிட்டு வாரான். தெருவுக்கு நாலு பேருக்கு மேல சேரல. இந்தத் தடவையும் கூட்டம் நிக்கலன்னா, அடுத்த வருசம் தெருவ எடுத்துருதேன். மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாத."

"அப்பம் என்னயக் கடைசியா விடுங்க பாய்" என்றாள்.

பக்கத்தில் நின்ற பாண்டித்துரை சிரித்தான். ஆலங்குளத்தில் செல்போன் பழுது பார்க்கிறவன். பாறையில் அவனை யாரும் ஜெயித்ததில்லை. "யக்கா, தெருங்கது பந்தியில பாயாசம் மாதிரி. சோறுன்னா அது பாறைதான்."

"பாயாசத்துக்குன்னே மறுபந்தி உக்காருதவன் நீதாம்லே. போ அங்கிட்டு."

அன்றும் அவளுக்கு வேலை இருந்தது. மதுரையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அனுசியா, தோள்வலிக்காக வருடம் தவறாமல் உலகம்மையைத் தேடி வருகிறவர். அன்றைய கடைசி முதுகு அவருடையதுதான். தலைமுதல் கால்வரை எண்ணெய் தேய்த்துவிட்டு, அருவிக்குப் போகச் சொன்னாள்.

"அருவி எங்க ஓடிரப்போகுது? நீ சைக்கிள் விடுறதப் பாத்துட்டுத்தான் குளிப்பேன்" என்று சொல்லிவிட்டார் அனுசியா. நைட்டியின்மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, மின்னும் கைகளோடு முன்வாசலுக்கு நடந்தார். குற்றாலத்தில் அந்தக் கோலத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சேக் தாவூது வண்டிகளைச் சோதித்து, தலைகீழாகக் கவிழ்த்து வரிசையாக நிறுத்தியிருந்தார். உலகம்மை குழாயடியில் மூன்றாவது முறை கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அனுசியா நேராக அவள் வண்டியிடம் போனார். "இது எங்க உலகம்மை வண்டி" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார். பின்சக்கரத்தை மெல்லச் சுழற்றினார். சுற்றுகிற ரிம்மில் உள்ளங்கையை வைத்து, "எப்படி அரம் மாதிரி வச்சிருக்கா, பாருங்க" என்றார். குழந்தையின் கன்னத்தைத் தடவுவதுபோல இரண்டு மூன்று சுற்று தடவினார்.

பெயரைக் கூப்பிட்டார்கள். உலகம்மை வண்டியை நிமிர்த்தி எடுத்து, வழக்கம்போல் பின்பிரேக்கை அழுத்தித் தள்ளிப் பார்த்தாள். கீச்சென்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை. சக்கரம் சத்தமில்லாமல் நழுவியது. குனிந்து ரிம்மைப் பார்த்தாள். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். முதல் வரிசையில் அனுசியா, எண்ணெய்க் கையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

ரிம்மைத் துடைக்க அவள் அவகாசம் கேட்டிருக்கலாம். கேட்டால் சேக் தாவூது கொடுத்திருப்பார். ஆனால் அவர் எதையும் மைக்கில்தான் கேட்பார். "வண்டியத் தொட்டது யாரு?" என்று அத்தனை பேர் நடுவில் கேட்டிருப்பார். அத்தனை பேரும் அந்த மின்னும் கையைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

உலகம்மை கேட்கவில்லை.

பின்சக்கரத்தைக் கட்ட முடியாவிட்டால் எங்கும் நிற்க முடியாது. படிக்குப் படி நின்று ஏறுவதும், கைப்பிடிச் சுவரின்மேல் ஒற்றைச் சக்கரத்தில் நிற்பதும்தான் அவள் ஒரு மாதமாகப் பழகியது. அதெல்லாம் போயிற்று. முன்பிரேக் மட்டும் நன்றாக இருந்தது. அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு, அருவிக்குப் போகிற சந்துக்குள் போனாள். பயந்து போகிறாள் என்றே பலரும் நினைத்தார்கள். சந்தின் கோடியில் திரும்பினாள். அங்கிருந்து மிதித்து வந்தாள்.

தொட்டி மூடியின்மேல் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறின. இறங்கிய வேகம் அடங்கும் முன் முன்சக்கரம் எழுந்து இரண்டு படி தாண்டியது. பின்சக்கரம் படியைத் தொட்ட கணமே மிதித்து அடுத்த இரண்டு. படிமேடையிலிருந்து கைப்பிடிச் சுவருக்கு. சுவர் ஒரு செங்கல் அகலம், சாரலில் நனைந்து கறுத்திருந்தது. அதன்மேல் நிற்காமல் உருண்டாள். சுவர் முடியும் இடத்தில் வண்டியோடு காற்றில் பாதி சுற்றித் திரும்பி, பின்பக்கமாக முற்றத்தில் விழுந்து, பின்பக்கமாகவே உருண்டு, ஒரு வீச்சில் வண்டியைத் திருப்பி மறுபடி முன்னால் வந்தாள். எங்கே ஒன்று முடிந்து எங்கே அடுத்தது தொடங்கியது என்று சொல்ல முடியவில்லை. கடைசியில் பின்கட்டுக்குப் போகும் நடைவாசலை நோக்கி வந்து முன்பிரேக்கைப் பிடித்தாள். பின்சக்கரம் இடுப்பு உயரத்துக்கு எழுந்து, அங்கேயே ஒரு மூச்சு நேரம் நின்று, பொத்தென்று இறங்கியது. கால் எங்கும் படவில்லை. வாசலில் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நின்ற ஆவுடையம்மாள், "எம்மாடி" என்றாள்.

அருவிக்குப் போகிற சந்து அடைத்துவிட்டது. வாளியும் துண்டுமாக வந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மாடி வராந்தாக்களில் கைதட்டல் அடங்கவில்லை. "எங்கனயும் நிக்கலியே தாயி!" என்று சேக் தாவூது மைக்கிலேயே கத்தினார்.

"நிக்கத் தோணல பாய்" என்றாள் உலகம்மை.

நிற்க வேண்டிய இடங்களில் நிற்காததற்கு மதிப்பெண் குறைந்தது. கோப்பை செங்கோட்டைப் பையன் ஒருவனுக்குப் போயிற்று. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவன் நல்லாத்தான் விட்டான்" என்றாள்.

பாண்டித்துரை அவள் வண்டியின் அருகே குந்தி உட்கார்ந்தான். ரிம்மை ஒரு விரலால் தொட்டு முகர்ந்தான். நல்லெண்ணெய். பேயறைந்தவன்போல நிமிர்ந்து, "யக்கா, இத வச்சா..." என்று ஆரம்பித்தான். உலகம்மை கண்ணை அகல விரித்து ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டான். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து சேக் தாவூதிடம் போனான்.

"பாய், அடுத்த வருசம் தெருவுல என் பேரயும் போட்டுக்கிடுங்க."

மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. "யாருலே அது, பாறைப் பாண்டித்துரையா? பாயாசம்னு சொன்னியேலே?" என்பது ஊருக்கே கேட்டது. சிரிப்பு அடங்குவதற்குள் பாறைக்காரப் பையன்கள் இன்னும் மூன்று பேர் அவன் பின்னால் வந்து நின்றார்கள். ஒருவன், பரணில் கிடக்கிற சீட்டை மாட்ட இப்போது போல்ட் கிடைக்குமா என்று கேட்டான். "கடைக்கு வாலே, எல்லாம் கிடக்கு" என்றார் சேக் தாவூது. தெருவை எடுக்கிற பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை.

அனுசியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தோளில் துண்டு இல்லை. ஆட்டிய ஆட்டத்தில் எங்கோ விழுந்துவிட்டது. முகமெல்லாம் எண்ணெயும் சிரிப்பும்.

"ஆத்தி, என்னா ஓட்டு ஓட்டுற! நான்தான் முதல்லயே சக்கரத்தத் தொட்டுத் தடவிக் குடுத்தேன்ல? என் கைராசிடி!"

சொல்லிக்கொண்டே மறுபடி ரிம்மை நோக்கிக் கையை நீட்டினார்.

உலகம்மை அந்த மணிக்கட்டைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டாள். கழுவிக் கழுவிக் காய்ந்திருந்த அவள் கை மீண்டும் எண்ணெயானது. "ஒங்க கைதாம்க்கா" என்றாள். பிடித்த பிடியை விடாமல் அந்தக் கையைக் கொண்டுபோய், இதுவரை யாரும் உட்காராத அந்தச் சீட்டின்மேல் வைத்தாள்.