மகதலேனா ஆன்டியின் சேறு

சேற்றைப் பார்த்து முடித்த பிறகுதான் மகதலேனா ஆன்டி காலைக் காப்பியைத் தொடுவார். பின்வாசல் இரும்புக் கதவைத் திறந்து, படியில் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பூப்போட்ட கவுனை முழங்காலுக்கு இடையே செருகிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிவார். கதவுக்கு வெளியே ஒரு பாய் அகலத்துக்குச் சேறு. இரவில் அந்தப் பக்கம் போனவர்களின் கால்கள் அதில் பதிந்திருக்கும்.

“யாரு லைன்ல?” என்பார், சேற்றைப் பார்த்து.

பழைய பழக்கம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத ஆட்களைக் குரலை வைத்தே யாரென்று சொல்லிவிடுவாராம். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “ஊருக்கே லைன் போட்டுக் குடுத்தேன் லா. என் லைன் எப்பவும் எங்கேஜ்.” கேட்டவர் சிரிப்பார். இவர் சிரிக்க மாட்டார்.

பெட்டாலிங் ஜெயாவில் குன்றை ஒட்டிய பழைய வரிசை வீடுகளில் கடைசி வீடு அவருடையது. அண்ணன் வாங்கியது. அண்ணன் போன பிறகு தனிக்கட்டை. வீட்டுக்குப் பின்னால் மண் சந்து, அதற்கு அடுத்து கால்வாய், கால்வாய்க்கு மேலே காடு. மழை பெய்தால் குன்றின் மஞ்சள் மண் இறங்கிச் சந்து முழுக்கச் சேறாகிவிடும். அந்தச் சந்துக்குச் சிமெண்டு போட வந்தவன் நான்.

முதல் நாள் அளவெடுக்கப் போனபோது, தெரியாமல் அவர் சேற்றில் கால் வைத்துவிட்டேன். சத்தம் போடவில்லை. “பாஸ், கொஞ்சம் காலை எடுக்கிறீங்களா?” என்றார். எடுத்தேன். என் சப்பாத்து பதிந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இடது குதிகால் தேஞ்சிருக்கு. உங்களுக்கு அந்தப் பக்கம் முட்டி வலி இருக்கும், டாக்டர பாருங்க தம்பி” என்றார். அது என் மச்சானின் பழைய சப்பாத்து ஆன்டி, எனக்கு முட்டியெல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். கொஞ்சமும் அசரவில்லை. “அப்ப மச்சான போகச் சொல்லுங்க.”

நான் சேற்றிலும் சிமெண்டிலும் முப்பது வருடமாகக் கிடப்பவன். அவர் சேற்றைத் தயார் பண்ணுகிற விதத்தைப் பார்த்து அசந்துபோனேன். மஞ்சள் மண்ணை மாவுச் சல்லடையில் சலிப்பார். கால்வாய் ஓரத்து வண்டலை அதில் சேர்த்துப் பிசைவார். கீழே கொட்டி, ஒரு பலகையை இரண்டு கையாலும் பிடித்து, தன் பக்கமாக ஒரே இழுப்பு. இழுத்த இடம் கண்ணாடி மாதிரி இருக்கும். என்னிடம் வேலை செய்கிற பையன்களில் பாதிப் பேருக்கு அந்தக் கை வராது. வெயில் நாளில் தண்ணீர் தெளிப்பார், அதுவும் கொஞ்சமாக. “ஈரம் ஜாஸ்தியானா கால் ஊதிப் போயிரும் தம்பி. பூனையெல்லாம் புலியாயிரும்.”

அதை அவர் சொல்வதற்குக் காரணம் இருந்தது. இந்தப் பழக்கம் தொடங்கிய புதிதில் ஒரு நாள் சேற்றில் பெரிய தடம் ஒன்றைப் பார்த்துவிட்டு, புலி என்று சந்து முழுக்கச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் யாரும் பிள்ளைகளை வெளியே விடவில்லை. கடைசியில் பார்த்தால் மூலைச் சாப்பாட்டுக் கடை நாய். பின்னங்கால் முன்னங்கால் தடத்தின்மேலேயே விழுந்து, இரண்டும் ஒன்றாகிப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. அதிலிருந்து அக்கம்பக்கத்தில் அவர் பெயர் புலி ஆன்டி. முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபப்பட மாட்டார். “நகத்தப் பாக்காம விட்டுட்டேன். புலிக்கு நடக்கிறப்ப நகம் உள்ள போயிரும். நாய்க்கு வெளிய நிக்கும். அவசரப்பட்டுட்டேன் லா.”

இப்போது அவசரப்படுவதில்லை. தடத்துக்குப் பக்கத்தில் ஒரு கொண்டை ஊசியை வைத்து அளவு பார்ப்பார். இரண்டு குளம்பு, அதன் பின்னால் இரண்டு சின்னப் புள்ளி என்றால் காட்டுப்பன்றி. நடுவில் வால் இழுத்த கோடு, இரண்டு பக்கமும் நீள நகம் என்றால் உடும்பு. கட்டை விரல் தள்ளி நிற்கிற சின்னப் பிள்ளையின் கை மாதிரி இருந்தால் குரங்கு. விளக்குமாற்றால் லேசாகக் கூட்டியது போலக் கீறல் இருந்தால் முள்ளம்பன்றி போயிருக்கிறது, அது முள்ளின் வேலை. ஐந்து விரலும் பதிந்திருந்தால் மூசாங். நம் ஆட்கள் மரநாய் என்பது அதைத்தான்.

மூசாங்கில் ஒன்றை அவருக்குத் தனியாகத் தெரியும். வலது முன்னங்காலில் அதற்கு நாலே விரல். கண்ணியில் மாட்டி ஒன்று போயிருக்கும் என்பது அவர் கணக்கு. பெண் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். “தெரியாது. ஆனா காரிதான்” என்றார். நாலு விரல்காரி. அவள் வராத நாளில் காப்பி ஆறிப்போகும்.

இத்தனைக்கும் அந்த விலங்குகளில் ஒன்றையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. விழித்திருந்து பார்க்கலாமே என்றேன். வேண்டாம், பார்த்தால் ஓடிவிடும், பிறகு வராது என்றார். ஒரு பழத்தையாவது வைக்கலாமே என்றேன். கொண்டை ஊசியைத் துடைத்துத் தலையில் செருகிக்கொண்டார்.

“சாப்பாடு வச்சா சாப்பாட்டுக்கு வரும் தம்பி.”

பலகையை எடுத்து அன்றைய தடங்களை வழித்துவிட்டார்.

மனிதர்களோடு அவருக்கு அவ்வளவு ஒட்டுதல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்.ஆர்.டி. ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸில் சர்ச்சுப் பூசைக்குப் போவார். பூசை முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டு நிற்கும்போது இவர் ஸ்டேஷனில் இருப்பார். எங்களுக்குக் காப்பி கொண்டுவந்தால் தட்டைக் கட்டையின்மேல் வைத்துவிட்டு, நாங்கள் குடிப்பதைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவார். திரும்பி வந்து காலிக் கோப்பைகளை எண்ணாமல் எடுத்துக்கொள்வார். அவர் வீட்டு முன்வாசல் மணி அடித்து, நான் வேலை செய்த நாட்களில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

சந்துக்குச் சிமெண்டு வேண்டும் என்று வீடு வீடாக ஏறியது பக்கத்து வீட்டு இந்துஜா. அவள்மேல் குற்றம் சொல்ல முடியாது. அவள் அப்பா சிவசம்பு அந்தச் சேற்றில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார். ஆன்டியும் சரியென்று சொல்லிவிட்டார். “அவர் விழுந்தப்ப மொதல்ல ஓடுனது நான். கத்துன சத்தம் இன்னும் காதுல இருக்கு. வேணாம்னு எந்த வாயால சொல்றது?”

ஆனால் ஓரப் பலகையெல்லாம் அடித்து முடித்து, கலவை கொட்டுவதற்கு முந்தின நாள் என்னிடம் வந்தார். தன் கதவுக்கு வெளியே ஒரு பாய் அகலம் மட்டும் விட்டுவிட முடியுமா என்று கேட்டார். ஒருவரிடம் எதையும் கேட்டுப் பழகாத ஆள் என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது. கதவுக் கம்பியைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

முடியாது என்றேன். சந்தின் சரிவு முழுக்க அந்தக் கடைசியில்தான் வந்து முடிகிறது. அங்கே விட்டால் தண்ணீர் தேங்கும், ஓரம் உடையும், அடுத்த மழையில் இன்னொருத்தர் விழுவார். ஒரு தட்டில் சேற்றை நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள் ஆன்டி என்று யோசனையும் சொன்னேன்.

“தட்டுல யாரு ஏறுவா? அதுங்க போற வழியில இருந்தாத்தான் கால் படும்.” பிறகு, “சரி லா” என்றார்.

மறுநாள் காலை கலவை லோரி வந்து நின்றபோது அவர் முக்காலியில் இருந்தார். சேற்றில் நாலு விரல் தடம், கதவு வரை வந்து திரும்பிப் போயிருந்தது. வழக்கமாகப் பலகையை எடுத்து வழித்துவிடுவார். அன்றைக்கு வழிக்கவில்லை. முக்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு, “நேத்து வந்திருக்கா. போடுங்க” என்று சொல்லி உள்ளே போனார்.

பையன்களை மேல் கோடியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். லோரி அங்கேதான் நிற்கிறது என்று காரணம் சொன்னேன். அவர் பின்வாசலுக்கு நேரே வந்து சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. கம்பி வலையை விரித்துக் கலவையைக் கொட்டினோம். நாலு விரலும் அடியில் போனது. கடைசி இழுப்பை நானே இழுத்தேன்.

சிமெண்டுக்காரனுக்கு மேஸ்திரியைவிடப் பூனை பெரிய எதிரி. ஈரம் காய்வதற்குள் ஒரு பூனை நடந்துவிட்டால் போதும், அந்தத் தடம் காலத்துக்கும் நிற்கும், வீட்டுக்காரர் காசைப் பிடித்துக்கொள்வார். அதனால் சந்து நெடுக நீலப் பிளாஸ்டிக்கை விரித்து, ஓரமெல்லாம் செங்கல் வைத்தோம். பையன்கள் லோரியில் ஏறிவிட்டார்கள். நான் கால்வாயோரம் குந்திச் சிமெண்டுக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆன்டி கதவருகே வந்து நின்றார்.

“எவ்வளவு நேரத்துல இறுகும்?”

விரல் வைத்தால் பள்ளம் விழாத அளவுக்கு இறுக இரவு ஒன்பது, பத்து மணி ஆகிவிடும் என்றேன்.

“பூனைக்கு?”

“பூனை எடைக்கு இன்னும் முன்னாடியே இறுகிடும் ஆன்டி.”

“மூசாங் பூனைய விட கனம்” என்றார்.

நான் கரண்டியைக் கழுவினேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பின்னால் செங்கல் நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது, அவர் படியிலேயே முழங்கால் போட்டு, தன் கதவுக்கு நேரே இருந்த பிளாஸ்டிக்கை மெல்லத் தூக்கி, கட்டில் விரிப்பை மடிப்பது போல மடித்துக்கொண்டிருந்தார். ஒரு பாய் அகலம். மடிப்பின்மேல் செங்கல்லை, சத்தம் வராமல், திரும்ப வைத்தார். எழுந்து கையைக் கவுனில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் லோரிப் பக்கம் நடந்தேன்.

பொழுது இருட்டிக்கொண்டு வந்தது. வீடு வீடாகப் பின்பக்க விளக்குகள் எரியத் தொடங்கின. இந்துஜா வீட்டில் எரிந்தது, ஆன்டி வீட்டிலும் எரிந்தது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பூட்டு விழுந்தது. பிறகு ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து ஒரு கை வெளிச்சுவரைத் தடவிக்கொண்டு போய், சுவிட்சைத் தேடிப் பிடித்து, தன் வீட்டு விளக்கை மட்டும் அணைத்தது.