திரும்பி வரும் வழிக்குச் சுட்ட றொட்டி

"அம்மா, மலை ஏரியெல்லாம் பாத்திட்டு வருவம்" என்று மூத்தவன் கூப்பிட்டபோது, கனடாவில், மொன்றியலில் அவனுடைய வீட்டில் நின்று இரண்டு பொதி றொட்டி சுட்டுக் கட்டினேன். ஒன்று போகும் வழிக்கு, மற்றது திரும்பி வரும் வழிக்கு. எங்கள் ஆட்கள் அப்படித்தான் கட்டுவார்கள். வாசல்வரை வந்து மருமகள் என்னைக் கட்டிப்பிடித்தாள். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

மேற்கே விமானத்தில் போய், மறுநாள் காலை சுற்றுலா பஸ்ஸில் ஏறினோம். ஏரிகள் நீலம் நீலமாக வந்துகொண்டே இருந்தன. மத்தியானம், "மற்றப் பொதியையும் இப்பவே சாப்பிடுங்கோ" என்றான்.

"திரும்பி வரேக்கை பசிக்குமடா."

அவன் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பஸ் கடைசியாக நின்ற ஊரில் என் சின்னமகன் காருடன் நின்றான். தன்னுடையதென்று சொல்லியிருந்த பெரிய சூட்கேஸை மூத்தவன் இறக்கி என் காலடியில் வைத்தான்.

"அண்ணை உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையே, அம்மா?" என்றான் சின்னவன், சிரிக்காமல். "இந்த பஸ் திரும்பிப் போகாது. இனி உங்களை வைச்சிருக்கிறது என்ரை முறை."

மூத்தவன் என் கையிலிருந்த பொதியை வாங்கிக்கொண்டான். "பிளேனிலை எனக்குப் பசிக்கும், அம்மா."

இப்போது யார் எங்கே கூட்டிப்போனாலும் ஒரு பொதிதான் கட்டுகிறேன்.